தண்டியடிகள் கட்டிய கயிறு

திருவாரூரிலிருந்து திருக்குவளை போகும் பக்கத்தில் ஒரு சிற்றூர். அங்கிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா ஊர்ச் சிவன் கோயில் திருப்பணிக் குழுவில் இருந்தவர், தை மாதம் தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று மாலையே ஊர்ப் பெரியவர்கள் வந்து, கணக்கு நோட்டையும் கோயில் சாவியையும் இவர் கையில் கொடுத்து, "அப்பா ஆரம்பிச்ச குளத்தை நீதாம்மா எடுத்துச் செய்யணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். குளம் 3 மா. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தபோது கரைமேல் நின்ற மரங்கள் உள்ளே விழுந்து, அதோடு தூர்ந்து கிடக்கிறது. இவருக்குத் தையல் வேலை, இரண்டு பிள்ளைகள். நோட்டில் இருப்பு 4,200 ரூபாய். "இது சாமி இட்ட வேலையா, ஊர் என் தலையில் கட்டிய வேலையா? சாமி இட்டது என்றால் எனக்கு ஏன் இவ்வளவு பயம்? நம்பிக்கை என்றால் நான் என்னதான் செய்ய வேண்டும்?" இவைதான் கேள்விகள்.

அம்மா, தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். முப்பது வருடமாக உழவாரப் பணிக்கு, கோயிலையும் குளத்தையும் சுத்தம் செய்யும் தொண்டுக்கு, போய்வருகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியது ஆரூர்க் கோயில் தேவாசிரிய மண்டபம்தான். சுந்தரர் அங்கே கூடியிருக்கும் அடியார்களைப் பார்க்கிறார். இவர்களுக்கெல்லாம் நான் அடியவன் ஆகும் நாள் எந்நாளோ என்று நினைக்கிறார். ஆரூர் இறைவன் தியாகேசர், "இவர்களைப் பாடு" என்று பணிக்கிறார். சுந்தரர் கை நடுங்கி நிற்கிறார். சேக்கிழார் அவர் வாயில் வைக்கும் சொல், "இன்னவாறு இன்ன பண்பென்று ஏத்துகேன், அதற்கு யான் ஆர்?" என்பது. இவர்கள் யார் யார், எப்படிப்பட்டவர்கள் என்று எனக்குத் தெரியாதே, பாடுவதற்கு நான் யார்?

உங்கள் பயம் இந்தக் கேள்விதான். தம்பிரான் தோழர் என்று பெயர் எடுத்தவரே கேட்ட கேள்வி. அதனால் பயம் வந்துவிட்டதே, அப்படியானால் இது அழைப்பாக இருக்காதோ என்று குழம்ப வேண்டாம். கொடுத்த வேலையின் அளவு மனத்துக்குத் தெரிந்துவிட்டது என்பதற்கு மேல் அந்தப் பயத்துக்குப் பொருள் கிடையாது.

சுந்தரருக்கு வந்த பதிலைப் பாருங்கள். "உனக்குத் திறமை இருக்கிறது, கவலைப்படாதே" என்று தியாகேசர் தேற்றவில்லை. முழுப் பதிகத்தையும் அவர் காதில் ஓதவுமில்லை. "தில்லைவாழ் அந்தணர்தம் அடியார்க்கும் அடியேன்" என்று முதல் அடியை மட்டும் எடுத்துக் கொடுத்தார். மிச்சத்தைச் சுந்தரர் பாடினார், 11 பாட்டு. அந்தப் பதினொன்றைப் பிடித்துக்கொண்டு நம்பியாண்டார் நம்பி ஓர் அந்தாதி செய்தார். அந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் 4,200-க்கு மேற்பட்ட பாடல்கள் செய்தார். அவருக்கும் தில்லையில் "உலகெலாம்" என்ற ஒரு சொல்தான் எடுத்துக் கொடுக்கப்பட்டது. முழு ஓலையும் கையில் வந்த பிறகு தொடங்கியவர் இந்த வரிசையில் ஒருவர்கூட இல்லை.

சாமி இட்டதா, ஊர் கட்டியதா என்று பிரித்துக் கேட்கிறீர்கள். எனக்கு அந்தப் பிரிவு அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததில்லை. அசரீரி கேட்டு வேலைக்குப் போனவர்களை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. கணக்கு நோட்டு கைக்கு வந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் பார்ப்பது மூன்று விஷயம்: நீங்கள் ஆசைப்பட்டுத் தேடிப்போனதா, தானாக வந்ததா? அதைச் செய்ய ஒரு பொய்யாவது சொல்ல வேண்டியிருக்கிறதா? அந்தக் குளத்தைக் கடந்து போகும்போது உங்களுக்கு வலிக்கிறதா? "இறங்கிக் குளித்த குளத்தில் இப்போது நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டிக் கிடக்கிறது, அந்தப் பக்கம் பார்க்காமல் போகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி எனக்குப் போதும்.

இனி நம்பிக்கை என்றால் என்ன செய்வது என்பது. இதற்கு நம் ஆரூரிலேயே ஒரு குளம் இருக்கிறது. "கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி" என்று சொல்வார்களே, அந்தக் கமலாலயம். 5 வேலி என்றால் 100 மா, ஏறத்தாழ 33 ஏக்கர். அதைத் தோண்டி அகலப்படுத்தக் கிளம்பியவர் பிறவியிலேயே கண் தெரியாத தண்டியடிகள்.

பெரிய புராணத்தில் இந்த இடத்தைப் பலரும் கண் கிடைத்த அற்புதத்துக்காகப் படிக்கிறார்கள். நான் வருடா வருடம் மாணவர்களை நிறுத்திப் படிக்கச் சொன்னது அதற்கு முந்திய பாட்டை. குளத்துக்குள் மண் வெட்டும் இடத்தில் ஒரு தறி, அதாவது முளைக்கம்பு, நட்டார். கரையில் ஒரு தறி நட்டார். இரண்டுக்கும் இடையே ஒரு கயிறு கட்டினார். மண்ணை வெட்டிக் கூடையில் எடுத்துக்கொண்டு, கயிற்றைத் தடவிக்கொண்டே கரைக்கு வந்து கொட்டுவார். திரும்ப அதே கயிற்றைத் தடவிக்கொண்டே உள்ளே போவார். எத்தனை கூடை போயிற்று, எத்தனை மிச்சம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஒன்று தெரியும்: கயிற்றின் இந்த முனையில் மண் இருக்கிறது, அந்த முனையில் கரை இருக்கிறது.

கண் வந்த பிறகு தொடங்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. கண் இல்லை என்பதை மறந்துவிட்டு, ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று குழிக்குள் குதிக்கவும் இல்லை. தன் குறை இன்னது என்று தெரிந்துகொண்டு, அந்தக் குறைக்கு ஏற்ற ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டார். நம்பிக்கை என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு அந்தக் கயிறுதான் தெரிகிறது.

எதிர்ப்பும் வந்தது. குளத்தைச் சுற்றி இருந்த சமணர்கள், மண்ணைத் தோண்டினால் சிற்றுயிர்கள் மடியும் என்றார்கள். கண்தான் இல்லை, காதும் கேட்காதோ என்று கேலி பேசினார்கள். கடைசியில் கருவிகளைப் பறித்து, தறிகளையும் பிடுங்கிப் போட்டார்கள். (அந்தக் காலத்துச் சமயச் சண்டையை இன்றைக்குத் தூக்கி வருவதற்காக இதைச் சொல்லவில்லை. கருவி பறிபோகும் ஒரு நாள் எல்லாத் திருப்பணியிலும் வரும், அதற்காகச் சொல்கிறேன்.) அன்றிரவு தண்டியடிகள் அழுதுகொண்டே கிடந்து உறங்கினார். ஆண்டவன் அவர் கனவில் வந்து கவலை வேண்டாம் என்றார். அடுத்து அரசன் கனவிலும் போய், "தண்டி நமக்குக் குளம் தோண்டுகிறான், நீ அவனிடம் போய் அவன் எண்ணத்தை முடித்துக் கொடு" என்றார். அரசனை முதலிலேயே அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. கயிறு கட்டி வேலை பாதி நடந்து, அதுவும் பிடுங்கப்பட்ட பிறகுதான் அரசன் வருகிறான். ஏன் அப்படி என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன், விடை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நான் கண்ட திருப்பணிகளும் அப்படியே நடந்திருக்கின்றன என்று மட்டும் சொல்ல முடியும்.

பிரார்த்தனையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், "என்னவென்று வேண்டுவது என்றே தெரியவில்லை" என்று. உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் குண்டையூரும் திருக்கோளிலியும் (இன்றைய திருக்குவளை) இருக்கின்றன. குண்டையூர் கிழார் சுந்தரருக்கு நெல் கொடுத்துவந்தவர். மழை பொய்த்து, கொடுக்க நெல் இல்லாமல் அவர் வருந்தியபோது இறைவன் அருளால் நெல் மலையாகக் குவிந்தது. குவிந்ததுதான் பெரிய சிக்கல். அதை ஆரூருக்குக் கொண்டுபோய்ச் சுந்தரரின் மனைவி பரவையார் வீட்டில் சேர்க்க வேண்டுமே! சுந்தரர் கோளிலியில் நின்று பாடுகிறார்: "குண்டையூர்ச் சில நெல்லுப் பெற்றேன், ஆளிலை எம்பெருமான், அவை அட்டித் தரப் பணியே."

ஆள் இல்லை. அவ்வளவு பச்சையாகக் கேட்கிறார். மலை போன்ற நெல்லைச் "சில நெல்" என்கிறார், அந்தப் பணிவும் அழகு. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, என்ன பொருள், எது குறைகிறது என்று எல்லாம் அந்தப் பாட்டுக்குள் இருக்கிறது. நீங்களும் அப்படிக் கேளுங்கள். "சாமி, குளத்தை நல்லபடியாக முடித்துக் கொடு" என்று பொத்தாம் பொதுவாக வேண்டினால் மனம் அதைப் பிடித்துக்கொள்ளாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 மா என்றால் 1 ஏக்கர், 43,560 சதுர அடி. மூன்று அடி தூர் எடுக்க வேண்டும் என்றால் 1,30,680 கன அடி. 100 கன அடி ஒரு யூனிட் என்று பார்த்தால் ஏறத்தாழ 1,300 யூனிட் மண். இது இன்னும் பயமாக இருக்கும், உண்மைதான். ஆனால் முகம் தெரியாத பயத்துக்கு இப்போது ஓர் அளவு வந்துவிட்டது. "1,300 யூனிட் மண், ஆளிலை எம்பெருமான்" என்று வேண்டலாம். நல்ல வண்டலாக இருந்தால் வயலுக்கு அடிக்கக் கேட்டு வருகிறவர்களும் இருப்பார்கள். ஆனால் அறநிலையத் துறையிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு நடை மண்கூட வெளியே போகக் கூடாது. அப்பாவின் நல்ல பெயர் அந்த ஒரு நடையில் போய்விடும்.

எங்கள் தோல்வி ஒன்றையும் சொல்ல வேண்டும். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால், வெண்ணாற்றுப் பாசனத்தில் ஓர் ஊர். பங்குனியில் தொடங்கி இரண்டு மாதம், ஞாயிறுதோறும் நாற்பது ஐம்பது பேர் போய்க் குளத்தை எடுத்தோம். தேவாரம் பாடிக்கொண்டே எடுத்தோம். படித்துறையைச் சீர் செய்தோம். மேட்டூர் திறந்தார்கள், ஆறு நிறைந்தது, வாய்க்கால் நிறைந்தது, வயலில் நாற்று விட்டுவிட்டார்கள். எங்கள் குளத்துக்கு மட்டும் ஒரு சொட்டு வரவில்லை. வெள்ளைவெளேரென்று காய்ந்து கிடந்தது. ஊரார் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் சில வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. ஆண்டவன் எங்களைக் கைவிட்டான் என்று வாய்விட்டே சொன்னேன்.

சின்ன வயதிலிருந்து அந்த ஊர் வயல்களில் நடவுக்குப் போன ஒரு பாட்டி, ஒருநாள் எங்கள் ஆளிடம் சாதாரணமாகக் கேட்டிருக்கிறார்: "ஏன் தம்பி, புளியமரத்தடி மடையைத் தொறக்கலியா?" புளியமரம் போய் முப்பது வருடம் ஆகியிருந்தது. அந்த இடத்தில் சாலை போட்டுவிட்டார்கள். அவர் கைகாட்டிய இடத்தில் சாலையோரமாகத் தோண்டினோம். செங்கல் வைத்துக் கட்டிய பழைய மடை, களிமண் அடைத்துக் கிடந்தது. மூன்றாம் நாள் நுரையும் சருகுமாகக் கலங்கல் தண்ணீர் உள்ளே வந்தது. பாட்டி கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதம் நாங்கள் அத்தனை பதிகம் பாடியிருக்கிறோம், அத்தனை அலுவலகம் ஏறி இறங்கியிருக்கிறோம். அந்தப் பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் இருந்த தெருவுக்கே நாங்கள் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதற்கு நான் சொல்லக்கூடிய எந்தக் காரணமும் எனக்கு வெட்கமானது.

நமிநந்தியடிகள் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆரூர் அரநெறிக் கோயிலில் விளக்கேற்ற நெய் இல்லை, பொழுது சாய்ந்துவிட்டது, பக்கத்து வீட்டில் கேட்டார். "கையில் கனல் வைத்திருப்பவருக்கு விளக்கு எதற்கு, ஏற்றத்தான் வேண்டுமென்றால் தண்ணீரை மொண்டு எரி" என்றார்கள். அவர் மனம் நொந்து சந்நிதியில் விழுந்தார். குளத்து நீரையே கொண்டுவா என்று அருள்வாக்கு வந்தது. எரிந்தது. "நம்பிநந்தி நீரால் திருவிளக்கிட்டமை நீள்நாடு அறியுமன்றே" என்று அப்பரே பாடியிருக்கிறார். கேலியாகச் சொன்ன அதே தண்ணீர்தான் விளக்கெரித்தது. இந்தக் கதையின் பிற்பகுதியை அதிகம் பேர் சொல்வதில்லை. ஒருநாள் சாமி திருமணலிக்கு எழுந்தருளியபோது எல்லாக் குலத்தாரும் கூடினார்கள். அந்தக் கூட்டத்தில் கலந்ததால் தீட்டு என்று நமிநந்தியடிகள் வீட்டுக்குள் போகாமல் வெளியே படுத்தார். ஆரூரில் பிறந்தவர்கள் அத்தனை பேரும் நம் கணங்கள், நாளைக்குக் காண்பாய் என்று கனவில் இறைவன் சொன்னார். மறுநாள் ஊரார் எல்லாரும் சிவ வடிவமாகவே அவர் கண்ணுக்குத் தெரிந்தார்கள். தண்ணீரில் விளக்கெரித்த மனிதருக்கே இந்தப் பாடம் அதற்குப் பிறகுதான் கிடைத்தது. "திருவாரூர்ப் பிறந்தார்கள் எல்லார்க்கும் அடியேன்" என்று சுந்தரர் பாடியதும் அந்த ஊரைத்தான்.

அதனால் உங்கள் திருப்பணிக் குழுவில் எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெயருக்கு ஒருவர் என்று வைக்காதீர்கள், கணக்கு நோட்டைப் பார்க்கும் உரிமையோடு வையுங்கள். யாராவது முகம் சுளித்தால் நமிநந்தியடிகள் கதையைச் சொல்லுங்கள்.

"பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு" என்று ஓர் உறவினர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். நமிநந்தியடிகள் விளக்கேற்றிய அந்த அரநெறிக் கோயிலைக் கற்றளியாக எடுத்துக் கட்டியவர் யார்? செம்பியன் மாதேவி. கணவர் கண்டராதித்தர் போன பிறகு, பல்லாண்டுக் காலம், சோழ நாட்டில் கோயில் கோயிலாகக் கல்லில் எடுத்துக் கட்டிய அம்மையார். அரசிதான், கருவூலம் இருந்தது, உங்களிடம் 4,200 ரூபாய்தான் இருக்கிறது, அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். ஆனால் அந்த உறவினருக்குப் பதில் அவர் பெயரிலேயே இருக்கிறது. நாகப்பட்டினம் பக்கம் அவர் பெயரில் ஓர் ஊரே இருக்கிறது.

தாமதம் ஆகும் அம்மா. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வேதாரண்யத்தில் அடைத்த கதவைத் திறக்க அப்பர் "பண்ணின் நேர் மொழியாள்" என்று தொடங்கிப் பாடினார். ஒரு பாட்டில் திறக்கவில்லை, ஐந்தில் திறக்கவில்லை. கடைசிப் பாட்டில் பொறுக்காமல் "இரக்கம் ஒன்றிலீர்" என்றே கேட்டுவிட்டார். அப்புறம்தான் கதவு திறந்தது. அந்தக் கதவை மூடுவதற்கு ஞானசம்பந்தருக்கு ஒரே பாட்டுத்தான் ஆயிற்று. தனக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று அப்பர் மனம் வருந்தியதையும் சேக்கிழார் மறைக்காமல் எழுதியிருக்கிறார். பக்கத்து ஊர்க் குளம் ஆறு மாதத்தில் முடிந்து உங்கள் குளம் இழுத்துக்கொண்டே போகும்போது அப்பர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். சாமியோடு சண்டை போடத் தோன்றினால் போடுங்கள். அவர் போட்டிருக்கிறார், அது தேவாரமாகவும் இருக்கிறது.

அவருடைய "என் கடன் பணி செய்து கிடப்பதே" என்ற அடியைக் கோயில் சுவரெல்லாம் எழுதி வைத்திருக்கிறோம். அதற்கு முந்திய அடியை எழுதுவதில்லை. "தன் கடன் அடியேனையும் தாங்குதல்." கடம்பூரில் பாடியது. தாங்குவது அவன் கடன் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் பணி செய்வது என் கடன் என்கிறார். உங்களுக்கு ராத்திரி தூக்கம் வராததற்குக் காரணம், அவன் கடனையும் சேர்த்து உங்கள் நோட்டில் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். குளம் நிறையுமா, குடமுழுக்கு எப்போது நடக்கும், அப்பா ஆத்மா சாந்தி அடையுமா என்பதெல்லாம் அந்தப் பக்கக் கணக்கு. உங்கள் பக்கத்தில் இருப்பது மனு எழுதுவது, அளக்கச் சொல்வது, காலையில் போய் நிற்பது. நகையை அடகு வைப்பது உங்கள் பக்கத்தில் இல்லவே இல்லை. பிள்ளைகள் படிப்புப் பணத்தில் கை வைப்பதும் இல்லை. யாராவது "சாமி காரியம், கடன் வாங்கிப் போடு, தானாக வரும்" என்றால் அவரிடம் மேற்கொண்டு யோசனை கேட்காதீர்கள்.

வேலை என்று பார்த்தால், மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு மேல் கல்லணைக்கு வந்து, உங்கள் கடைமடைக்கு வந்து சேர இன்னும் நாள் ஆகும். அதற்குள் முடிய வேண்டியது நீர்வரத்து வாய்க்காலும் மடையும்தான். குளத்தைப் பிறகு எடுக்கலாம். முதலில் நில அளவையரை வைத்து அளந்து நான்கு மூலையிலும் கல் நடுங்கள். காட்டாமணக்கை வேரோடு எடுங்கள். பொக்லைன் இறக்கும் நாள் வந்தால் கூடவே ஆள் நிற்க வேண்டும். அடியில் இருக்கும் களிமண் படுகையைக் குத்திக் கிழித்து மணல் வரைக்கும் போய்விட்டால் குளத்தில் தண்ணீர் தங்காது. உங்கள் பக்கம் கடல் அருகில் இருப்பதால் ஆழமாகப் போனால் உப்பு நீரும் ஏறும். பழைய படித்துறையின் கடைசிப் படி எங்கே இருக்கிறதோ, அதுதான் உங்கள் ஆழத்துக்கு அடையாளம்.

அதற்கும் முன்னால், இந்த வாரமே, அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் ஊரில் எத்தனை பேரோ அத்தனை பேர் வீட்டுக்கும், எல்லாத் தெருவுக்கும் போய், குளத்துக்குத் தண்ணீர் எந்த வழியாக வந்தது, எந்த வழியாக வடிந்தது என்று கேட்டு நோட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு வையுங்கள். நடவுக்குப் போன பாட்டிகளிடம் முதலில் கேளுங்கள். சித்திரை இரண்டாம் ஞாயிறு எங்கள் உழவாரக் குழுவில் பன்னிரண்டு பேர் வருகிறோம். மண்வெட்டியும் கூடையும் நாங்களே கொண்டுவருவோம், மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் ஊரில் சொல்லி வையுங்கள்.